விசாலத்துக்குத் தைத்த கொசுவலை

கணக்கும் இலக்கணமும் கற்பிப்பது எளிது. வீட்டில் எவரும் அவற்றை மறுத்துப் பேசுவதில்லை. சுகாதாரம் கற்பித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் வேதனை விளங்கும். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில், முப்பதுகளின் தொடக்கத்தில், அந்தப் பாடம் என் பொறுப்பில் இருந்தது. கொசுக்கடியால் மலைக்காய்ச்சல் வருகிறது என்ற வாக்கியத்தைப் பிழையின்றி எழுத என் மாணவிகள் அனைவரும் கற்றார்கள். அதை நம்பியவள் விசாலம் ஒருத்திதான். கல்யாணமாகி வயநாட்டுக்குக் குடித்தனம் போன அவளை ஒரு கொசுவலைக்குள் படுக்கவைக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். சக ஆசிரியைகளே, உங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

டம்ளரில் வந்த புழு

காய்ச்சலைப் பரப்பும் கொசு உட்காரும்போது பின்பகுதியை உயர்த்திக்கொள்ளும். அதைக் கரும்பலகையில் அளவு தவறாமல் வரைவேன். "உங்கள் வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள்" என்று ஒருநாள் சொல்லியனுப்பினேன். மறுநாள் எல்லோரும் "இல்லை" என்றார்கள். எட்டாம் வகுப்பில் படித்த விசாலம் மட்டும் ஒரு பித்தளை டம்ளரை ஏந்தி வந்தாள். அதில் புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் வீட்டுக் கிணற்று நீர்.

அன்று மாலையே அவள் தாயார் பள்ளிக்கு வந்துவிட்டார். நான் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "பாடம் சொல்லிக் குடுங்கோ டீச்சர், வேண்டாங்கலை. அதுக்காக எங்காத்துக் கிணத்தை ஏன் சந்தி சிரிக்க வைக்கறேள்?"

கிணற்றில் மீன்

கிணற்றில் சிறு மீன்களை விட்டால் அவை புழுவைத் தின்றுவிடும் என்று நகரசபையார் அப்போது வீடு வீடாகச் சொல்லிவந்தார்கள். விசாலத்தின் வீட்டுக்கும் ஒரு பானையில் மீன் வந்தது. சைவ உணவு உண்ணும் வீடு. மடியாகத் தண்ணீர் எடுக்கும் கிணறு. வாசற்படி தாண்டாமலே பானை திரும்பிப் போயிற்று. அனுப்பியவள் நான்தான் என்று தெருவே முடிவு செய்துகொண்டது.

சாந்தோமிலிருந்து மீன் விற்க வரும் அந்தோணியம்மாள் பள்ளி வாசலில் என்னை மறித்துக்கொண்டாள். "இன்னா டீச்சரம்மா, ஐயரு ஊட்டுக் கெணத்துல மீன் வுடச் சொன்னியாமே? நான் கூடையத் தூக்கினு அந்தத் தெருவுல நொழைஞ்சாலே தொரத்துறாங்க. என் மீன மட்டும் உள்ள வுட்டுடுவாங்களா?"

நான்கு மூலையில் மஞ்சள்

படிப்பு முடிந்த சில ஆண்டுகளில் விசாலத்துக்குக் கல்யாணமாயிற்று. மாமனார் வீடு அடுத்த தெருவில். கணவனுக்கோ வயநாட்டுக் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. அந்த மலைக்குப் போய்வந்தவர்கள் காய்ச்சலோடு திரும்புவதை மயிலாப்பூர் முழுவதும் அறியும். "அந்த ஊர்த் தண்ணீர் ஆகாது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

நல்ல மெல்லிய துணி வாங்கி, கண் நெருக்கமான வலையாகத் தைக்கச் சொல்லி, அவள் மாமனார் வீட்டுக்கு எடுத்துப்போனேன். வலை வெள்ளை. புதுப்பெண்ணுக்கு வெள்ளைத் துணி கொடுப்பதா என்று ஆட்சேபம் வரும் என்பதை அறியாதவள் அல்ல நான். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியே கொண்டுபோனேன். மாமியார் மூலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வகையில் குறை சொல்ல இடமில்லை. "எல்லாம் சரி டீச்சர். ஆனா நாட்டுப்பொண் வந்த அன்னிக்கே வலை கட்டிண்டு படுத்தா, ராஜாத்தி வந்திருக்கான்னு தோட்டத்துல அத்தனை பேரும் சிரிக்க மாட்டாளா?"

கூஜாக்களின் பயணம்

வழியனுப்ப சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சென்றேன். மாமனார் துணைக்குப் போகிறார். வண்டிக்குள் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே பெரிய பெரிய கூஜாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஈரத்துணி கட்டி இறுக்கியிருந்தது. மயிலாப்பூர்க் கிணற்றுத் தண்ணீராம். மலைத்தண்ணீர் பழகும்வரை குடிப்பதற்காம். எந்தக் கிணறு என்று கேட்டேன். சம்பந்தி வீட்டுக் கிணறுதான். டம்ளரில் புழு வந்த அதே கிணறு.

கொசுவலையைக் காணோம். விசாலம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இடமில்லையாம் டீச்சர், அடுத்த தடவை யாராவது வரச்சே குடுத்தனுப்பறாளாம்" என்றாள் மெல்ல. நான் மாமனாரிடம் திரும்பி, தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று நிதானமாக விளக்கத் தொடங்கினேன். அவர் கடைசிக் கூஜாவைப் பத்திரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "சொந்த ஊர்த் தண்ணி கூடவே வரச்சே எந்தக் காய்ச்சல் கிட்ட வரும்? நீங்க கவலைப்படாம ஆத்துக்குப் போங்கோ."

மொட்டைமாடி

மாதங்கள் கழிந்தன. யாரோ வயநாட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வலையை அவரிடம் கொடுத்தனுப்பச் சொல்ல விசாலத்தின் மாமியார் வீட்டுக்கு விரைந்தேன். அம்மாள் மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஏறிப்போனேன். நல்ல வெயில். பாய் முழுவதும் வடாம் பிழிந்து காய்ந்துகொண்டிருந்தது. நான்கு செங்கற்களில் முட்டுக் கொடுத்து, அதன்மேல் விரித்துக் கட்டியிருந்தது என் கொசுவலை. மூலைகளில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

மாமியாருக்கோ என்னைக் கண்டதில் உண்மையான மகிழ்ச்சி. "வாங்கோ டீச்சர்! இந்த வருஷம் ஒரு காக்கா கிட்ட வரலை. வடாம் சீசன் முடியட்டும், அலசி மடிச்சு அவளுக்கே அனுப்பிடறேன்."

விசேஷம்

வலை போவதற்கு முன் விசாலம் வந்துவிட்டாள், பிறந்த வீட்டுக்கு. கன்னத்தில் எலும்பு தெரிந்தது, விழிகள் வெளுத்திருந்தன, வயிறு மட்டும் மேடிட்டிருந்தது. வீட்டில் பெண்களெல்லாம் மகிழ்ச்சியில் இருந்தார்கள். வளைகாப்புக்கு எந்த மாதம் நல்லது என்று கூடத்தில் பேச்சு நடந்தது. தாயார் என் கையில் சர்க்கரை வைத்தார்.

காய்ச்சல் முற்றினால் இடப்பக்கம் மண்ணீரல் கட்டிபோல் வீங்கி வயிறு பெருக்கும் என்பதையும் நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். விசாலம் மறக்கவில்லை. மற்றவர்கள் காப்பி கலக்க எழுந்துபோனதும் என் கையை இழுத்துத் தன் இடது விலாவின்கீழ் வைத்தாள். கல்லைப்போல் இருந்தது. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வரது டீச்சர். குழந்தை அப்படியா வரும்?"

மடித்துக் கொடுத்தது

அன்றே டாக்டரை அழைத்துவரச் செய்தேன். காய்ச்சலுக்கான கொய்னா மருந்தும் கொடுத்தார்கள்; ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்த அதே கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக, அந்த ஊர்த் தண்ணீர் பொல்லாதது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரிடமும் நான் வாதாடவில்லை. என் தொழில் வாழ்வில் வாய்மூடி நின்றது அன்று ஒருநாள்தான்.

காரியங்கள் முடிந்தபின் மாமியார் என் வீடு தேடி வந்தார். அழுதழுது கண் வீங்கியிருந்தது; அந்த அழுகையில் பொய்யில்லை. துவைத்து மடித்த வலையை இரு கைகளாலும் நீட்டினார். "ஒரு இழை பிரியலை டீச்சர். வேற யாராவது பொண்ணு மலைக்குப் போனா குடுங்கோ."

நான் கற்பித்த சுகாதாரத்தை ஐயமறக் கற்றவள் விசாலம் ஒருத்திதான். ஆனால் வலையைக் கட்டிலில் கட்டுவதா வடாத்துக்குக் கட்டுவதா என்று தீர்மானிப்பவர்களை என் வகுப்பில் உட்காரவைக்கும் அதிகாரத்தை மட்டும், ஓய்வு பெறும்வரை எனக்கு எவரும் வழங்கவில்லை.