வாய் மூடிய காயம்

கருக்களாச்சேரியில் யார் எங்கே அறுத்துக்கொண்டாலும் கால் தானாக அல்லி வீட்டுப் பக்கம் திரும்பும். வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டைக் கிள்ளி, கழுவி, உள்ளங்கையில் கசக்கிச் சாறு விடுவாள். ரத்தம் நின்றுவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கைராசிக்காரிக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

அந்தப் பங்குனியில் அவள் புருஷன் கோவிந்தராசுவின் காலில் திருக்கை மீன் வால்முள்ளால் குத்திவிட்டது. கூட்டாளி சுப்ராயன் முள்ளைப் பிடுங்கி, வழக்கப்படி கடலிலேயே வீசிவிட்டான். குத்தின முள் கரையேறினால் குத்துப்பட்டவன் மறுபடி கடலுக்குப் போகமாட்டான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. முள் முழுசாக வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அல்லி பூண்டை வைத்துக் கட்டினாள். காயம் அழகாக வாய் மூடியது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூடின காயம் ஏன் இப்படிச் சுடுகிறது? உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து காலைத் தொட்டுப் பார்ப்பாள். மீன்கூடையோடு கிளம்பி, தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். கணுக்கால் தெரியாத அளவுக்குக் கால் வீங்கிவிட்டது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவள் புருஷனை வண்டியில் ஏற்றினால் ஊர் சிரிக்காதா என்றான் அவன். அந்த ஒரு பேச்சுக்கு அவளும் அடங்கிப் போனாள். வெட்கக்கேடு, அடங்கிப் போய் இன்னும் கொஞ்சம் பூண்டை வைத்து இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் சிவப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. அவன் பிதற்றிக்கொண்டிருந்தான். அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. மாட்டுவண்டியில் போட்டு, பட்டப்பகலில், ஊர் பார்க்கக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கீறினார்கள். சீழோடு முள்ளின் நுனி வந்தது. திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோமே என்று அல்லி தலையில் அடித்துக்கொண்டாள். உயிர் தப்பியது. இரண்டு கால்விரல் போயிற்று.

இனி எவர் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள். அரிவாள்மணை அறுத்ததற்கும் சிராய்ப்புக்கும் பூண்டு எப்போதும்போலப் பலித்தது. ஒருநாள் சுப்ராயனே கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மறுபடியும் திருக்கை. அல்லி வேலிப் பக்கம் போகவில்லை.

"முள்ளு எங்கண்ணே?"

"கடல்ல போட்டுட்டேன். வழக்கந்தானே?"

"குத்துன காயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்லண்ணே."

சுப்ராயன் நம்பாமல் கோவிந்தராசுவைப் பார்த்தான். அவன் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வண்டி பிடிக்கப் போனான்.