ஜெயித்த ஊரிலிருந்து வந்த அத்தை

பிரெஞ்சுக்காரன் தோற்றதற்கு அடுத்த வருஷம் என் தாய்மாமன் மட்டாஞ்சேரி படகுத் துறையில் வந்து இறங்கினார். தோற்றது பிரான்ஸ். வேலை போனது மாமாவுக்கு. இளவட்டமாக இருந்தபோது ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாகக் கப்பல் ஏறியவர், பிறகு ஹனோயில் ஒரு பிரெஞ்சு பேங்கின் வாசலில் காவல்காரரானார். தொப்பியும் பித்தளைப் பொத்தானும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொப்பியோடேதான் இங்கேயும் வந்து இறங்கினார்.

"நாங்க தோத்துட்டோம் அத்தான்" என்றார் அப்பாவிடம், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே.

அப்பா நகரசபையில் குழாய் ரிப்பேர் வேலை பார்த்தார். எதையும் நேரடியாகப் பார்த்துப் பழகிய மனிதர். "நீ எப்போ மாப்பிள்ளே சண்டைக்குப் போனே? கேட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தவன்தானே?" என்றார். மாமா முறைத்தார். ஒரு வல்லரசு தோற்ற துக்கத்தை அந்த மனிதர் ஒருவர்தான் மட்டாஞ்சேரியில் முழுசாகச் சுமந்தார் என்று இப்போதும் நினைத்துச் சிரிக்கிறேன்.

மாமாவுக்குப் பின்னால் ஓலைத் தொப்பியும் கழுத்து வரை பொத்தான் போட்ட நீளச் சட்டையுமாக, அவர் அங்கே கட்டிக்கொண்ட பெண் நின்றாள். சின்ன முகம். படகிலிருந்து இறங்கும்போது எங்கள் அம்மாவின் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள். "அண்ணி, பசிக்குது" என்றாள், சுத்தமான தமிழில். எங்களிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அம்மாவுக்கு அங்கேயே பாதி மனசு போய்விட்டது.

மட்டாஞ்சேரியில் புது முகத்தை யாரும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதில்லை. கொங்கணியும் குஜராத்தியும் யூதரும் ஒரே தெருவில் மிளகு வாங்கி விற்கிற ஊர். எட்டிப் பார்த்தது எங்கள் சொந்தக்காரர்கள்தான். சுள்ளிக்கலில் எங்கள் லைன் வீட்டுக்கு அந்த ஒரு வாரம் வராத தமிழ்க் குடும்பம் இல்லை. பிள்ளைகள் அவளைச் சீனத்தி என்று கூப்பிட்டன. "சீனா இல்லை, சீனா இல்லை" என்று அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டு துரத்துவாள். கடைசியில் சைகோன் அத்தை என்று பெயர் நிலைத்தது. அதுவும் தப்பு. சைகோன், கப்பலுக்குக் காத்திருந்த ஊர் மட்டும். அவள் ஊர் வடக்கே, ஹனோயை ஒட்டிய ஒரு நெல் விளையும் கிராமம்.

மாமா தினமும் பஜார் ரோட்டுச் சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்து தோல்வியைப் பற்றிப் பேசினார். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் துரைமார் கோட்டை கட்டியது, சுற்றியிருந்த மலைகளில் அந்த நாட்டு ஆட்கள் பீரங்கியை இழுத்து ஏற்றியது, அவர்களுக்கு அரிசி மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே காட்டு வழியில் கொண்டுபோனது. அனுதாபம் கிடைக்கும் என்று நினைத்துச் சொன்னார் பாவம். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களோ முக்கால்வாசிப் பேர் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டி தள்ளுகிறவர்கள்.

"எந்தா? மூட்டை தள்ளியவன் ஜெயிச்சானோ?" என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "சேட்டா, அந்த சைக்கிள் கதை இன்னொரு தடவை பறையும்."

மாமா தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் தினமும் சொன்னார். சாயாவுக்கு அவரிடம் யாரும் காசு வாங்கவில்லை. ஒரு மிளகுக் கிட்டங்கியில் காவல் வேலையும் அந்த மூட்டைக்காரர்களே பேசி வாங்கிக் கொடுத்தார்கள். தோற்ற கதையைச் சொல்லி வேலை வாங்கிய ஒரே ஆள் எங்கள் மாமாவாகத்தான் இருப்பார்.

அத்தை அந்தக் கதையைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் தம்பி அப்படிச் சைக்கிள் தள்ளிப் போனவர்களில் ஒருத்தன் என்று அம்மா எனக்குச் சொன்னாள். அதாவது எங்கள் வீட்டில் மாமா தோற்ற கட்சி, அத்தை ஜெயித்த கட்சி. ஆனால் ஊரைவிட்டு வந்தவள் அவளும்தான். பிரெஞ்சுக்காரன் போகிற அவசரத்தில் நாட்டின் நடுவே ஒரு கோடு போட்டார்கள். பேங்க் மூடியது, பேங்கின் ஆட்களைத் தெற்கே கப்பலில் ஏற்றினார்கள். அவள் அம்மா வயலை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரெண்டு வருஷத்தில் ஓட்டுப் போட்டு அந்தக் கோடு இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம். அத்தை அதை அப்படியே நம்பினாள். அவள் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைத்ததே இல்லை. உடுத்துவதற்கு எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்பப் பெட்டியில் வைப்பாள்.

"அடுத்த வருஷம் போறேன் அண்ணி" என்பாள், மீன் கழுவிக்கொண்டே.

"போ, யாரு பிடிச்சா" என்பாள் அம்மா. இருவரும் ஒரே சட்டியில் கப்பைக் கிழங்கும் மீனும் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கப்பை அவள் ஊரிலும் உண்டு. எங்கள் ஊர் மிளகை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றைக் கடித்துவிட்டு, "காரம் இருக்கு, வாசனை கம்மி" என்பாள். அதை மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அவளை அப்படிப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் அவளைத்தான் தேடுவேன்.

ரெண்டு வருஷமும் போனது, அதற்கு மேலும் போனது. கோடு அழியவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் பெரிய மனுஷி ஆனேன்.

எங்களில் அதற்கு ஒரு முறை உண்டு. தாய்மாமன் ஓலை வெட்டிக் குடிசை கட்டுவார். சடங்கன்று முதல் குடம் தண்ணீரைத் தாய்மாமன் பெண்டாட்டி ஊற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். மாமா ஒருவர்தான், அத்தையும் ஒருத்திதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். பள்ளுருத்தியிலிருந்து பெரியம்மா வந்து இறங்கியதும் யோசனை ஆரம்பமானது.

"அவ என்ன சாதி, என்ன முறையில கல்யாணம் ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னு பெட்டியைக் கட்டி வச்சிருக்கா. போறவ கையால நம்ம பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணுமா?"

நான் ஓலைக் குடிசைக்குள் இருந்தபடியே கத்தினேன். "அத்தை ஊத்தலேன்னா நான் குளிக்கவே மாட்டேன். இங்கேயே இருந்துக்கிறேன்."

"வாயைப் பாரு" என்றாள் பெரியம்மா. ஆனாலும் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஊற்றட்டும், ஆனால் சுமங்கலியாக லட்சணமாகப் புடவை கட்டிக்கொண்டு வந்து ஊற்றட்டும் என்றாள். அம்மா தன் மஞ்சள் பட்டுப் புடவையை எடுத்து அத்தைக்குக் கட்டிவிட்டாள்.

சடங்கன்று காலை என்னை முற்றத்தில் மணையில் உட்கார வைத்தார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். அத்தை குடத்தோடு வெளியே வந்தாள். அவளைப் புடவையில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு அழகு என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பெரியம்மா குடத்தின் குறுக்கே கையை வைத்தாள்.

"தாலி எங்கே?"

அத்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷமும் பொத்தான் போட்ட சட்டைக்குள் இருந்த கழுத்து. அம்மாவுக்கும் தெரியவில்லை. புடவை கட்டிவிடும்போது அத்தை துண்டைப் போர்த்தியே நின்றாளாம்.

"அம்மாகிட்ட இருக்கு" என்றாள் அத்தை.

யாருக்கும் புரியவில்லை. மாமா வாசலிலிருந்து உள்ளே வந்தார். தொப்பி இல்லாமல் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கப்பலுக்குக் கிளம்புற அன்னைக்கு அவ அம்மா இவ காலைக் கட்டிப் பிடிச்சு அழுதா. திரும்பி வருவேங்கிறதுக்கு என்ன அடையாளம்னு கேட்டா. இருக்கிறதிலேயே பெரிய பொருள் எதுன்னு இவ என்கிட்ட கேட்டா. நான்தான் கழட்டிக் கொடுத்தேன்" என்றார்.

"கட்டினவனே கழட்டினானா!" என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருத்தி இது அபசகுனம் என்றாள். இன்னொருத்தி என் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். நான் மணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அத்தையை உள்ளே அனுப்பிவிட்டால் அவள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவாள் என்று தோன்றியது.

அம்மா தாம்பாளத்திலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்தாள். நூலை மஞ்சளில் நனைத்து அதில் கட்டினாள். அதை மாமாவிடம் நீட்டினாள். "கட்டுடா."

மாமா வாங்கிக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினார். அத்தை பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இங்கே ஒண்ணு கட்டினா, அங்கே இருக்கிறது பொய்."

அத்தை இத்தனை நாள் எங்கள் வீட்டில் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தது எதற்காக என்று அங்கே நின்ற எல்லோருக்கும் அப்போது புரிந்தது. அம்மா அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் அம்மா யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை, என்னைக்கூட.

"பொய் ஆகாது. அது உங்கம்மாவுக்கு. மகள் ஒருத்தி இருக்கான்னு அவ பாத்துக்கட்டும். இது எங்களுக்கு. பிரெஞ்சுக்காரன் தோத்ததுக்கும் எவனோ கோடு போட்டதுக்கும் நீ எத்தனை நாள் பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பே? மதிடி, போதும். இருந்துடு."

அத்தை தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினாள். மாமாவுக்கு இரண்டு முடிச்சுக்கு மேல் விழவில்லை. பெரியம்மாதான் போய், "தள்ளுடா, காவல் காக்கத்தான் லாயக்கு" என்று திட்டிக்கொண்டே மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டாள். யாரோ குலவையிட்டார்கள்.

அத்தை குடத்தைத் தூக்கினாள். கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முழுக் குடத்தையும் என் தலையில் கவிழ்த்துவிட்டாள். நான் மூச்சு முட்டித் திணற, சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள். ஊற்றி முடிக்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் என்னை வாழ்த்தினாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே போய் எனக்குத் தலை துவட்டிவிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"என்ன அத்தை சொன்னே எனக்கு?"

"உனக்கு இல்லை" என்றாள். "அம்மாகிட்ட சொன்னேன். இனிமே வரலைம்மான்னு."

சொல்லிவிட்டுத் துண்டின் காய்ந்த பக்கத்தைத் திருப்பி என் காதுகளைத் துடைத்தாள்.