ஓய்வுபெற்ற நான்கு எலிகள்

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் வரும் ஆராய்ச்சிக்கூடத்தில், எலிகளுக்குத் தீனி போட்டே முப்பத்தோரு வருடம் ஓட்டியவர் பட்டாபி. அவருடைய அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா. பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால், "சயன்ஸ்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். பட்டாபிக்கு வெட்கமெல்லாம் கிடையாது. எந்தக் கூண்டில் எந்த எலிக்கு உடம்பு சரியில்லை என்று வாசனையை வைத்தே சொல்கிற மூக்கு அவருக்கு. அந்த மூக்குக்கு ஒரு டிகிரி கொடுத்திருக்கலாம். யார் கொடுக்கிறார்கள்?

அப்படிப்பட்ட மனிதரை மூன்று நாளாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

கேள்வியெல்லாம் ஸ்மிதா என்ற பெண்ணின் ஆராய்ச்சியைப் பற்றி. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பட்டாபியை, வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல், 'காக்கு' என்றுதான் கூப்பிடுவாள். சிவப்பு அட்டைக் கூண்டு எலிகளுக்கு மருந்து கலந்த தீனி, வெள்ளை அட்டைக்கு வெறும் தீனி. ஒன்றரை வருடம் கழித்து அறுத்துப் பார்த்தால், மருந்தே தொடாத வெள்ளை அட்டை எலிகளின் ஈரலிலும் அதே மாதிரி கட்டி! தீனி மாறிப் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார் துறைத் தலைவர் நரேன் பாபு. அப்படியானால் ஸ்மிதாவின் மூன்று வருட உழைப்பு குப்பைக்கு. பட்டாபிக்கு வேலை போகும்.

தீனியை இரண்டு பேர் சேர்ந்து போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆனால் துர்கா பூஜோ நாட்களில் கூட்டாளி தீபக் வரமாட்டான். அவன் கையெழுத்தைப் பட்டாபி போடுவார். பொங்கலன்று பட்டாபி வரமாட்டார். அவர் கையெழுத்தைத் தீபக் போடுவான். வருஷாவருஷம் நடப்பதுதான். இப்போது அதுவே கழுத்துக்கு வந்தது. பூஜோவின் அந்த ஐந்து நாளில் தீனி டப்பாக்கள் இடம் மாறியிருந்தால், அதற்குப் பிறகு ஆராய்ச்சி முடிகிற வரை ஏழு மாதமும் மாறித்தானே போயிருக்கும்? இல்லை என்று சொல்லச் சாட்சி இல்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் பட்டாபிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அஷ்டமி அன்னிக்கு அவசரமாத்தான் போட்டேன்," என்றார் மனைவி கோமதியிடம். "மாத்திட்டேனோ என்னவோ. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலைடி."

நான்காம் நாள் காலை, ஸ்மிதாவிடம் போய் நின்றார்.

"என்கிட்ட நாலு இருக்கும்மா."

"என்ன நாலு, காக்கு?"

கூண்டு கழுவும் அறைக்கு அழைத்துப் போய், பழைய அலமாரிக்குப் பின்னால் காட்டினார். நான்கு கூண்டு, நான்கு கிழட்டு ஆண் எலிகள். ஸ்மிதாவின் எலிகளுக்கெல்லாம் அப்பன்மார்கள். குட்டி போடவைக்கிற வேலை முடிந்த அன்றே அவற்றைக் கொன்றுவிட வேண்டும் என்பது உத்தரவு. 'உழைச்சுக் கொட்டினதுக்கு ரிட்டயர்மென்ட் இதுவா' என்று மனிதருக்கு மனசு கேட்கவில்லை. கொன்றதாக எழுதிவிட்டு, ஒளித்துவைத்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகச் சோறு போட்டிருக்கிறார்.

"ரெண்டு வயசு ஆறது. மருந்துத் தீனி இந்த ரூமுக்குள்ளயே வந்ததில்லை. இதுகளுக்கும் கட்டி இருந்தா?"

"இருந்தா, அது மருந்தால வரல."

"இல்லேன்னா?"

ஸ்மிதா கூண்டுகளைக் குனிந்து பார்த்தாள். "இதுங்களை அறுக்கணும், காக்கு," என்றாள் மெதுவாக.

"தெரியும்மா."

ஒவ்வொரு கூண்டாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து, வேலை இருப்பதுபோல் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஸ்மிதா ஓடிவந்தாள்.

"நாலுல மூணுக்கு இருக்கு. ஈரல்ல, அதே கட்டி."

பட்டாபி கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார்.

"இந்த வம்சத்து ஆண் எலிக்கு வயசானா தானாவே வருமாம், காக்கு. பழைய ஆராய்ச்சிப் பேப்பர்ல எல்லாம் எழுதியிருக்கு. நாங்கதான் படிக்கல."

கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிடம் முழுக்கப் படித்தவர்கள். வயசானால் வியாதி வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எலிக்குத் தீனி போடுகிற கைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா?"

"ஒண்ணுமே பண்ணல."

தீனி மூட்டைமேல் உட்கார்ந்தவர், "நாலாவது?" என்றார்.

"அதோட ஈரல் சுத்தமா இருந்துது."

தலையை மட்டும் ஆட்டினார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்.

நரேன் பாபு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எலியை ஒளித்ததற்கு ஒன்று, கையெழுத்துப் போட்டதற்கு ஒன்று என்று இரண்டு மெமோ கொடுத்தார். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் ஒரு பெட்டி சந்தேஷும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் பட்டாபி.

கோமதி மெமோவைப் படித்தாள். பெட்டியைப் பார்த்தாள். "ஏன்னா, இதுக்கா ஸ்வீட்டு?"

"நான் மாத்திப் போடலை, கோமதி," என்றார். "அந்தப் பொண்ணு படிப்பை நான் கெடுக்கலை." சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே அழுதார்.