ஏறாத மாடி

பழைய நகரத்தில் எந்த வீடும் தன் காலில் நிற்பதில்லை என்பார் மேஸ்திரி. அவர் கட்டுகிற மேஸ்திரி அல்ல, இடிக்கிறவர். ஒரு காலத்தில் நகரைச் சுற்றி மதில் இருந்ததாம். அதைப் பெயர்த்த கல்லில்தான் உள்ளே பாதி வீடுகள் எழுந்தன. குடும்பங்கள் பெருகின, இடம் பெருகவில்லை. எல்லோரும் மேலே எழுப்பினார்கள். தனிச் சுவருக்கு வழியில்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவர் சுவரிலேயே தங்கள் உத்திரத்தை ஏற்றிவிட்டார்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. கேட்டவரும் கொடுத்தவரும் போய்ச் சேர்ந்த பிறகு, எந்த உத்திரம் யார் சுவரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் ஒரு வீட்டில் கை வைக்கும் முன் மேஸ்திரி இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் போவார். தரையில் தொடங்கி மொட்டைமாடி வரை சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஏறுவார். சத்தம் அடைத்து வந்தால் இரட்டைச் சுவர், பயமில்லை. கணீரென்று வந்தால் ஒற்றைச் சுவர், முட்டுக் கொடுக்காமல் தொடமாட்டார். அவர் இடித்து அடுத்த வீட்டில் காரை உதிர்ந்தது என்று ஒரு பேச்சு வந்ததில்லை.

ஒருநாள் அவருடைய அக்கா வீட்டை ஒட்டிய வீடு இடிப்புக்கு வந்தது. முன்பு கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் நிறைந்திருந்த தெரு அது. இப்போது செல்போன் கடைகளும் பூட்டிய கதவுகளும்தான். "வேற யார்கிட்டயும் விட்டுடாதேடா. நீ இடிச்சாத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள் அக்கா. அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. மாடியில் அவள் புருஷன் வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை.

அந்த மாமாவோடு மேஸ்திரிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எப்போதோ ஒரு விருந்தில், நாலு பேர் முன்னால், "ஆக்கத் தெரியாதவன் அழிச்சுப் பொழைக்கிறான்" என்று மாமா சொல்லிவிட்டார். பாதி வேடிக்கைதான். ஆனால் இவருக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே! "இனி உங்க மாடிப்படியை மிதிச்சேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதன்பிறகு கீழே வருவார், அக்கா போடுவதைச் சாப்பிடுவார், போய்விடுவார். மாமா படுக்கையில் விழுந்தபோதுகூட ஏறவில்லை.

இடிப்பதற்கு முன் அக்கா வீட்டுக்கும் வந்து தட்டிப் பார்த்தார். கீழே நல்ல இரட்டைச் சுவர். மேலே இருமல் சத்தம் கேட்டது.

"மேலயும் ஒரு தடவை பாத்துடேன்டா."

"கீழ இரட்டைன்னா மேலயும் இரட்டைதான்க்கா."

வேறு யார் வீடாக இருந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. வீம்பு பிடித்தவனுக்குத் தன் தொழில்கூட மறந்துபோகும்.

பக்கத்து வீட்டு மாடிச் சுவரை ஆட்கள் பெயர்த்தபோது, செங்கற்களோடு சேர்ந்து அக்கா வீட்டு உத்திரங்களின் முனைகளும் வெளியே தெரிந்தன. மாடியில் ஒரே சுவர்தான். இவர் "நிறுத்துங்கடா!" என்று கத்துவதற்குள் ஓர் உத்திரம் நழுவிவிட்டது. மேஸ்திரி படிகளில் பாய்ந்து ஏறினார். காரைத் தூசிக்குள் இருமிக்கொண்டிருந்த மனிதரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் காதோரம் குரல் கேட்டது.

"மேல வந்து தட்டிப் பாத்திருக்கலாமேடா. நான் என்ன, கடிச்சா வெச்சிருப்பேன்?"

தெருவுக்கு வந்து சேர்ந்தபோது கூரை உள்ளே உட்கார்ந்துவிட்டது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று தெருவே ஆறுதல் சொன்னது. யானை சறுக்கினால் வலி யானைக்கு. இங்கே வலித்தது அக்காவுக்கல்லவா? இனி குடியிருக்க முடியாது, மிச்சத்தையும் இடித்தாக வேண்டும் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார். நகரத்துக்கு வெளியே ஒற்றை அறை பார்த்துப் போனார்கள். அங்கே மாமா அதிக நாள் இருக்கவில்லை. கடைசி வரை மச்சினனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா இவரைத் தேடி வந்தாள்.

"அந்த மிச்சத்தையும் நீயே இடிச்சிடு."

"என்னால முடியாதுக்கா. வேற ஆளை அனுப்புறேன்."

"நம்ம வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. தெரியாதவன் கை வெச்சா அவங்களும் தெருவுக்கு வந்துடுவாங்க." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல வரைக்கும் ஏறித் தட்டிப் பாரு. இப்பத்தான் அங்க யாரும் இல்லையே."