எந்தக் கையைக் கொடுப்பது?

1. உம்மா சம்மதித்த கதை

உக்குவளையில் ஒரு பாடசாலை ஹோலில் சேபர் வாள்வீச்சு வகுப்பு தொடங்கிய முதல் நாள், பிள்ளைகளைவிடத் தாய்மார்தான் கூடுதலாக வந்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இவள் என்ன கத்திக்குத்து படிப்பிக்கப் போகிறாள் என்று பார்க்க வந்த கூட்டம். பதினொரு வருடம் நாட்டுக்காக வெளிநாடுகளில் விளையாடினேன், முழங்கால் போனதால் கோச் ஆனேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை.

சரி என்று பலசரக்குக் கடைக்காரரின் மகள் நுஸ்ராவுக்கு உடுப்பை மாட்டிக் காட்டினேன். வெள்ளை ஜக்கெட், அதன் மேல் அடி பட்டால் லைட் எரிய வைக்கும் லாமே என்ற உலோக இழை மேலங்கி, வாள் பிடிக்கும் கைக்கு மட்டும் கையுறை, முகத்துக்கு மாஸ்க், காலுக்குக் காற்சட்டையும் நீளக் காலுறையும். அவளுடைய உம்மா இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"தலையிலருந்து கால் வரைக்கும் மூடியிருக்கு. இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க இவ்வளவு நேரம் யோசிச்சிருப்பமா மிஸ்?"

என் பதினொரு வருடத்தால் முடியாததை ஒரு ஜக்கெட் முடித்துவிட்டது. அன்றே ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் கோச்சி. கோச் என்பதால் அல்ல, எங்கள் ஊரில் ரயிலுக்குக் கோச்சி என்று பேர், மாத்தளைக் கோச்சி மாதிரி எப்போதும் பிந்தி வருகிறேனாம்.

2. மீன் பணிஸ்

நாலு வருடம் கழித்து நுஸ்ராவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஒரு இடம். வெல்பவள் போவாள், மற்றவள் வீட்டுக்கு.

காலையிலிருந்து ஒவ்வொருத்தியாகச் சாய்த்து ஃபைனல் வரை வந்துவிட்டாள். இனி எல்லாம் நல்லபடி என்று நான் கேன்டீனுக்குப் போனேன். நான் மீன் பணிஸ் சாப்பிட்ட அந்தப் பத்து நிமிடத்தில் தலைமை நடுவர் ஓர் அறிவித்தல் சொல்லியிருக்கிறார். இதுவரை வாளோடு வாள் தட்டிவிட்டுப் போனது போதும், ஃபைனலில் முறைப்படி கை கொடுக்க வேண்டும். மறுத்தால் கறுப்பு அட்டை. கறுப்பு அட்டை என்றால் வென்றவளும் வெளியே.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஹோலில் கை கொடுக்கும் வழக்கமே இல்லை. வாளைத் தட்டுவோம், போவோம். வலக்கையில் வாளும் கையுறையும் இருப்பதால் இந்த விளையாட்டில் எல்லாரும் இடது கையைத்தான் கொடுப்பார்கள். அதை நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கைக்குப் பெயர் பீச்சாங்கை. நுஸ்ரா வளர்ந்த கடையில் மிச்சக் காசை அந்தக் கையால் நீட்டினால் வாப்பாவிடம் ஏச்சு விழும்.

எதிரில் நின்றவள் தினுஷி என்ற கொழும்புப் பிள்ளை. பதினைந்து புள்ளியில் முடியும் ஆட்டம், பதினாலுக்குப் பதினாலு. கடைசிப் பாய்ச்சலில் இரண்டு பேருக்கும் லைட் எரிந்தது. சேபரில் அப்படி எரிந்தால் முதலில் தாக்கத் தொடங்கியவளுக்குத்தான் புள்ளி. நடுவர் நுஸ்ரா பக்கம் கையைக் காட்டினார். நான் துள்ளிய துள்ளலில் கெட்ட முழங்கால் இன்னும் கொஞ்சம் கெட்டது.

இரண்டு பேரும் மாஸ்க்கைக் கழற்றி வாளால் சல்யூட் அடித்தார்கள். தினுஷி இடது கையை நீட்டினாள். நுஸ்ரா அந்தக் கையைப் பார்த்தாள், ஓரடி பின்னால் போனாள், வாளைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு வலது கையுறையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். மரியாதையாக வலது கை கொடுக்கப் போகிறாளாம் மகராசி! வாளுக்குப் போகும் வயர் கையுறைக்குள்ளால் போகிறது. இழுக்க இழுக்க அது முறுக்கிக்கொண்டது. தினுஷியின் கை அந்தரத்தில் நின்றது.

நடுவர் ஒரு தரம் எச்சரித்தார். இரண்டாம் தரம் அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. கோச் உள்ளே கால் வைத்தால் அதற்கும் அட்டை. வெளியே நின்றபடி தமிழில் கத்தினேன்.

"நுஸ்ரா, இருக்கிற கைய குடும்மா!"

"எடக்கை மிஸ்!" என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

அந்த நிமிடத்தில் நான் தினுஷியைத்தான் பார்த்தேன். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும், இடம் அவளுக்கு. இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவள் நடுவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்: "கை குடுக்கத்தான் பாக்குறா சேர். கையுறை கழரல."

சொல்லிவிட்டு நுஸ்ராவிடம் போய், வாளிலிருந்து வயரைப் பிடுங்கி, கையுறையை உருவி எடுத்தாள். பிறகு தன்னுடையதையும் கழற்றினாள். வலக்கையோடு வலக்கை. நடுவரின் கை வெறுமனே பையிலிருந்து வெளியே வந்தது.

3. படித்தது

இப்போது என் வகுப்பில் முதல் பாடமே இடது கை. நுஸ்ராவின் உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அப்படியென்றால் நீங்கள் இத்தனை நாட்டுக்கும் போய் எல்லாருக்கும் இந்தக் கையையா கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம் வெள்ளைக்காரர்கள் என்றார்.

ஆனால் தினுஷி படிப்பித்த பாடம் வேறு. அவள் வாய் திறக்க மாட்டாள் என்று நான் ஏன் அவ்வளவு உறுதியாக நினைத்தேன்? நான் திறக்காதவள், அதனால்தான். ஒரு வெளிநாட்டுப் போட்டியில் என் அடி எதிராளியின் இடுப்புக்குக் கீழே பட்டது. சேபரில் அது செல்லாது. வாள் நழுவி லாமேயிலும் உரச, லைட் எரிந்துவிட்டது. நடுவர் எனக்குப் புள்ளி கொடுத்தார். எனக்குத் தெரியும். பேசாமல் நின்றேன். வெண்கலப் பதக்கத்தோடு ஊருக்கு வந்தேன், மாலையும் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, வெட்கத்தை விட்டு இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். இனி அப்படிப் பட்டால் நீங்களே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நுஸ்ரா மட்டும் கையைத் தூக்கினாள்.

"அப்ப அந்த மெடல் யார்ட மிஸ்?"

எல்லாரையும் மைதானத்தைப் பத்து தரம் சுற்றி ஓடச் சொன்னேன். கெட்ட முழங்காலோடு நானும் ஓடினேன்.