நாலு பேர் யூனிஃபார்ம்

முதலியார்பேட்டையில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். விதிப்படி நாலு பேர் வேண்டும். அதனால் சோதனைக்கு ஆள் வருகிறது என்றால், பீரோவில் இஸ்திரி போட்டு வைத்திருந்த மூன்று நீல யூனிஃபார்ம் வெளியே வரும். ஒன்று சமையல்காரம்மாவுக்கு, ஒன்று துணி துவைக்கிற அக்காவுக்கு, ஒன்று எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு.

என் கவலையெல்லாம் ஆறாம் கட்டிலைப் பற்றித்தான். பழைய மில் தொழிலாளி ஒருவர், நல்ல கனத்த உடம்பு, பக்கவாதத்தில் விழுந்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். என் ஒருத்தியால் அசைக்கவே முடியாது. முதுகில் புண் வந்துவிட்டது. இன்னொரு ஆள் போடச் சொல்லி ஓனரம்மாவிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! செவிடன் காதில் ஊதின சங்குதான்.

அன்றைக்கு வந்த அதிகாரி ஒரு பெண். தலையை எண்ணிவிட்டுப் போய்விடுவார், பெரியவர் இப்படியே அழுகிப் போவார் என்று எனக்குப் பதைபதைத்தது. நாலு தலை சரியாக இருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பெரியவரைக் கொஞ்சம் புரட்டிப் படுக்க வைக்கும்படி தையல்காரப் பெண்ணிடம் சொன்னார். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? அவள் அவருடைய செயலற்ற கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அலறினார். இந்த வேலை தெரிந்தவர்கள் கையைத் தொடவே மாட்டார்கள், அடியில் விரித்த துணியைத்தான் பிடிப்பார்கள்.

"கைய விடுடி" என்று பாய்ந்தேன். "மேடம், இவங்க மூணு பேரும் இந்த வேலைக்கு வந்தவங்க இல்ல. நான் ஒருத்திதான்."

அதிகாரி பையைக் கீழே வைத்துவிட்டுத் துணியின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து புரட்டினோம். அதிகாரி குனிந்து புண்ணைப் பார்த்தார்.

கூடவே வந்திருந்த ஓனரம்மா கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியதாக, ஒரு கட்டம் விடாமல் கையெழுத்து. யார் போட்டது என்று அதிகாரி கேட்டார். போடச் சொன்னது ஓனரம்மாதான். ஆனால் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பத்து நாள் கழித்து மார்க்கெட்டில் சமையல்காரம்மாவைப் பார்த்தேன். பெரியவரைப் புரட்ட இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாள். புண் ஆறுகிறதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.