ஈயக் கப்டனும் என் இரண்டாவது கலியாணமும்

எண்பதுகளின் நடுவில் சுவிசில் ஆராவ் என்ற நகரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி சுவிஸ் இராணுவத்தில் மேஜர். அது இங்கே வருடத்தில் சில கிழமை மட்டும் பார்க்கிற வேலை. மிச்ச நாட்களுக்கு அவரிடம் வேறு படை இருந்தது. மேல்மாடியில் இரண்டு பெரிய மேசைகள், அவற்றின் மேல் விரல் உயர ஈயப் பொம்மைகள். ஒன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் சீனாவில் நடத்திய போர். மற்றதில் அதே காலத்து இந்தியச் சிப்பாய்க் கலகம். சீனாவுக்கென்று கப்பலேறிய அதிகாரிகளை நடுவழியில் மறித்து இந்தியாவுக்குத் திருப்பினார்களாம். எவன் எந்த மாதம் எந்த மேசையில் நிற்கவேண்டும் என்பதில் அந்த மனிதர் காட்டிய கவனத்தில் பாதியைச் சமையலில் காட்டியிருந்தால் கடை நிரம்பி வழிந்திருக்கும். எந்த மேசையில் வென்றாலும் சாகிறது எங்கள் பக்கத்துச் சனம்தானே என்று புறுபுறுத்துக்கொண்டு, கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் தூசி தட்டுவேன்.

என் மனைவி எனக்குப் பிந்தி வந்தவள். அகதிகளுக்கான அரசாங்கக் கந்தோர் அவளைப் பீல் என்ற நகரத்தில் விட்டது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. மாநிலம் வேறு என்பதால் ஒருவரிடம் ஒருவர் போய் இருக்க முடியாது. கணவன் மனைவி என்றால் சேர்த்துவிடுவார்கள். எங்களுடையதோ கோயிலில் தாலி கட்டிய கலியாணம். பதிவு என்பது எங்கள் ஊரில் பிறகு ஆறுதலாகச் செய்கிற காரியம். அதற்கிடையில் நாட்டில் சண்டை வந்துவிட்டது. ஆகவே கந்தோரைப் பொறுத்தவரை அவள் யாரோ, நான் யாரோ.

சீன மேசையில் சிவப்புச் சட்டைக் கப்டன் ஒருவன் இருந்தான். இந்திய மேசையில் குடை பிடித்த ஒரு பெண். தூசி தட்டி முடிந்ததும் அவனைத் தூக்கி அவள் பக்கத்தில் வைப்பேன், கலியாணப் படத்தில்போல அவள் இடப்பக்கம் வரும்படி. அடுத்த நாள் முதலாளி அவனைச் சீனாவுக்கு அனுப்பிவிடுவார். நான் மறுபடி கொண்டுவருவேன். ஒரு திங்கள் கையும் களவுமாகப் பிடித்தார்.

"இவனுக்கு இன்னும் கட்டளை வரவில்லை," என்றார்.

"மனிசி தனிய நிக்கிறாவே," என்றேன், தெரிந்த ஜெர்மனில்.

"அது படை டொக்டரின் மனைவி."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் சிரிக்கவில்லை. "உன் மனைவி எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். அழுதும்விட்டேன், மறைப்பானேன்?

அவர் கந்தோர்களில் விசாரித்துவிட்டு வந்தார். கட்டளை இல்லாமல் எவனும் நகர முடியாது, கட்டளையை நாங்களே உண்டாக்குவோம், இந்த நாட்டிலேயே பதிவுக் கலியாணம் செய், பிறகு நீ பீலுக்கு மாறலாம் என்றார். நான் போனால் கோப்பை கழுவ ஆளில்லை என்பது தெரிந்தும் சொன்னார். எனக்கோ பொல்லாத கோபம். தாலி கட்டிய பெண்சாதியைத் திரும்பவும் கட்டுவதா? ஊர் சிரிக்காதா? தொலைபேசியில் அவளிடம் பொரிந்து தள்ளினேன்.

"சிரிக்கிறவை வந்து எங்களைச் சேத்து வைக்கப் போகினமோ? பேசாமல் வாங்கோப்பா," என்றாள்.

ஊரிலிருந்து பிறப்புப் பத்திரங்கள் வந்து சேர்ந்ததும் பீல் நகரக் கந்தோரில் கலியாணம். முதலாளி கறுப்புக் கோட்டுப் போட்டுச் சாட்சிக்கு வந்தார். பதிவு செய்யும் அம்மா முதலில் என்னைக் கேட்டார். "யா" என்று பட்டென்று சொன்னேன். பிறகு அவளிடம் திரும்பி, இந்த மனிதரைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். முதலாளி தன் சப்பாத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகுதான், "ஓம்" என்றாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனப்பா அவ்வளவு நேரம்? என்ர உயிரே போட்டுது."

"ஊரில என்னை ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை," என்றாள். "கேட்டாப்போல ஒருக்கா யோசிச்சுப் பாத்தன்."